வெள்ளம்

வேட்டூர்ணிமடத்தில் ஒரு மாடி அறை.
நிவாரணப் பணியாளர்கள் இருபத்தாறு பேர்,
ஆளுக்கொரு கோப்பு, ஆறிப்போன பழம்பொரி.
பயிற்சி தர வந்த மெர்லின் பிரபா
சங்கிலியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.
"கயிற்றைத் தேடாதீங்க.
பதில் யார் வாயிலிருந்து வருதுன்னு பாருங்க.
ஆதார் யார் சட்டைப்பையில் இருக்கு.
சோற்றில் கைவைக்குமுன்
அவள் யார் முகத்தைப் பார்க்கிறாள்."
எழுதிக்கொண்டோம்.
ஆன்றோ மட்டும் கேட்டான்:
"வரிசையில நானூறு பேரு நிப்பாவ மேடம்.
ஒவ்வொரு மூஞ்சியா எப்பம் பாக்க?"
"அது அவனுக்கும் தெரியும்" என்றார்.

மதியத்துக்குப் பிறகு நடித்துக் காட்டச் சொன்னார்கள்.
ஆன்றோ கூட்டிவந்தவன். நான் அந்தப் பெண்.
ஜெரால்டின் மேசைக்குப் பின்னால்.
பேரென்ன?
ஆன்றோ சொன்னான்.
வயசு?
ஆன்றோ சொன்னான்.
அறை சிரித்தது, நானும்தான்.
அப்போது ஜெரால்டின், கோப்பில் இல்லாததை,
பழக்கதோஷத்தில் கேட்டாள்:
"கொஞ்சம் வெள்ளம் வேணுமா மக்களே?"

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

புயல் கழிந்த நாலாம் நாள்.
குளச்சல், பள்ளிக்கூட முகாம்,
ஏழாம் வகுப்பு, ஜன்னலோரம்.
ஈரப் பாவாடையோடு ஒருத்தி.
"வெள்ளம் வேணுமாளா?" என்றேன்.
விருட்டென்று எழுந்தாள்.
வாசலைப் பார்த்தாள், அப்புறம் கடல் இருக்கும் பக்கம்.
பாவாடையைக் கணுக்காலுக்கு மேல்
தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.
பக்கத்திலிருந்தவன் சிரித்தான்.
"அரண்டு கெடக்கா. எங்க அக்கா மொவ. இரணியல்."
நம்ம பேச்சு, நம்ம இழுப்பு.
நானும் சிரித்துவிட்டு அடுத்த ஆளுக்குப் போனேன்.

இரணியலில் பிறந்தவளுக்கு
வெள்ளம் தொண்டைக்கு.
கேட்டதும் பாவாடையைத் தூக்கியவளுக்கு
அது வீட்டுக்குள் ஏறி வருவது.
இந்த மண் தன் ஒற்றைச் சொல்லை
என் வாயிலேயே வைத்து
இவள் இங்கத்தவள் இல்லை என்று சொன்னது.
நான் பிஸ்கட் பாக்கெட் எண்ணிக்கொண்டிருந்தேன்.

பதிவேட்டில் அறுபத்துமூன்றாவது வரி:
பிரிஸ்கா, 17, உடன் தாய்மாமன்.
அரிசி ஐந்து கிலோ, போர்வை இரண்டு.
எழுத்து என்னுடையது, பெயர் அவனுடையது.
மறுநாள் விடிந்தபோது இருவரும் இல்லை.
பாயைச் சுருட்டிச் சுவரோரம் சாய்த்து,
இடத்தைப் பெருக்கிவிட்டுப் போயிருந்தார்கள்.
ஒழுங்கான ஆளுவ என்று பேசிக்கொண்டோம்.

அறையில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.
மெர்லின் பிரபா தேற்றவில்லை.
"பதிவேடு எங்கே இருக்கு?" என்றார்.
அன்றைக்குச் சாயங்காலமே எழுதிக்கொடுத்தோம்:
நாள், அவன் உயரம், இடது புருவத்தில் தழும்பு,
பாவாடையின் நிறம்.
நிறம் எழுதுகையில் கை நின்றது.
பச்சையா, ஈரத்தில் கறுத்த நீலமா?
ரசீது கொடுத்தார்கள்.
இன்னும் அது என் பர்ஸில் இருக்கிறது,
பஸ் சீட்டுகளோடு.

இந்த ஐப்பசியில் குழித்துறை ஆறு
கரை மீறியதும் மறுபடி முகாம்.
கல்யாண மண்டபம், நானூறுக்கும் மேல்.
மேடையோரம் ஒரு வேட்டியைத் திரையாகக் கட்டினேன்.
"பிரஷர் பாக்கணும், பொம்பளையள் மட்டும்,
ஒவ்வொருத்தரா வாருங்க."
முணுமுணுக்கிறார்கள்,
நேரம் ஆகிறதென்று ஆன்றோ கையைக் காட்டுகிறான்.
கூடவே வந்த ஒருவனைத் திரைக்கு வெளியே
நாற்காலி போட்டு உட்கார வைத்தாயிற்று.
அவன் கால் ஆடிக்கொண்டே இருக்கிறது.

உள்ளே அவள்.
பேர் கேட்கவில்லை. ஊர் கேட்கவில்லை.
கையில் பட்டையைச் சுற்றி, காற்றை ஏற்றி, இறக்கி,
டம்ளரை நிறைத்து நீட்டுகிறேன்.
ஒன்றும் சொல்லாமல்.
அதற்கு அவள் வைக்கும் பெயரை
அவள் வாயிலிருந்து கேட்கும்வரை
கையைத் தாழ்த்தப் போவதில்லை.